வேலை என்று பெயர் வைத்த கத்தி

2018 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் மழை விட்டிருந்தது. பெட்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டில், மேஜை மேல் விரித்த பச்சைத் துணியைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். துணி மேல் பதினேழு மடக்குக் கத்திகள். ஒரு பல் டாக்டர், ஒரு தேயிலை புரோக்கர், கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்த இரண்டு எஞ்சினியர்கள், நான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படிக் கூடுவோம். கத்தி சேர்க்கிறோம் என்று வெளியில் சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் பயப்படுவார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் 'ஃபிரெண்ட்ஸைப் பாத்துட்டு வரேன்' என்றுதான் சொல்லிவிட்டு வருவது.

அன்றைக்குப் பதினெட்டாவது கத்தியும் வந்திருந்தது. டாக்டரின் மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. பணம் கொடுத்தவன் நான். டாக்டர் அட்டைப் பெட்டியைத் திறந்ததும் அறையில் பேச்சு நின்றுவிட்டது. செபென்ஸா என்பது கத்தியின் பெயர். அதில் இன்சிங்கோ என்கிற அலகு வடிவம். உலகத்துக்கு அந்த வடிவம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குன்னூருக்கு அன்றுதான் வந்தது.

இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிறிஸ் ரீவ் என்பவர் தென்னாப்பிரிக்காக்காரர். 1989-ல் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோய், பாய்சி நகரத்தில் பட்டறை வைத்தார். கைப்பிடி டைட்டானியம். அந்தக் கைப்பிடியிலேயே ஒரு பக்கத்தைக் கீறி, அது வில் மாதிரி வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும்படி ஒரு பூட்டு கண்டுபிடித்தார். தனியாகப் பூட்டு என்று ஒரு பாகமே கிடையாது. இன்று உலகம் முழுக்க, மலிவான சீனக் கத்திவரை, அந்தப் பூட்டைக் காப்பியடித்திருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த செபென்ஸா பெரிதாக மாறவே இல்லை. ஒரு திருகு, ஒரு விளிம்பு, எஃகின் ரகம் என்று எப்போதாவது சின்னச் சின்னத் திருத்தம், அவ்வளவுதான். அப்படி மாறாமலே இருக்கும் பொருளில் அலகின் கோடு மாறுகிறது என்றால், சேர்ப்பவர்களுக்கு அது திருவிழா.

வழக்கமான செபென்ஸா அலகுக்கு வயிறு உண்டு. வாய் நேராகப் போய் நுனிக்குக் கிட்டே மேல்நோக்கி வளையும். இன்சிங்கோவில் அந்த வயிறு கிட்டத்தட்ட இல்லை. வாய் மெல்லிய வளைவோடு ஓடுகிறது, முதுகுதான் நுனியை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. பார்க்கிறபோது நாவிதர் கத்திக்கும் தோல் வெட்டும் உளிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இன்சிங்கோ என்றால் ஜூலு மொழியில் சவரக்கத்தி. செபென்ஸா என்றால் வேலை.

கத்தி கை மாறிக் கை மாறிப் போனது. திறக்கிற சத்தத்தைக் கேட்பதற்காக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவர் முதுகுச் சரிவில் விரலை வைத்துத் தடவியபடி, "இதுக்கப்புறம் பழசு எதையும் கையில எடுக்க முடியாதுப்பா" என்றார். புரோக்கர் செய்தித்தாளைச் சுருள் சுருளாகச் சீவினார். டாக்டர் முன்கையில் ரெண்டு இடத்தில் முடியை மழித்துக் காட்டினார். காகிதமும் கை முடியும் தவிர அன்று அந்தக் கத்தி எதையும் வெட்டவில்லை. எங்கள் கத்திகள் பொதுவாக எதையும் வெட்டுவதில்லை. அலகில் ஒரு கீறல் விழுந்தால் விலை இறங்கிவிடும்.

மாலை வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒளித்துவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதுப் பொருள் கையில் இருக்கிறவனுக்கு யாரிடமாவது காட்டியாக வேண்டும். கொடுத்தேன்.

அப்பா அதைத் திறக்கவில்லை. முதலில் கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தள்ளித் திறந்தார், நான் சொல்லிக்கொடுக்காமலே. வாயில் விரலைக் குறுக்காக வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார். கூர் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், நாங்கள் காகிதத்தைத் தேடுவோம்.

"நல்ல இரும்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கு இல்லியே? இத வச்சி என்னாத்த வெட்டுவ?"

"சும்மா... எல்லாத்துக்கும்ப்பா. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க."

"ம்."

அவ்வளவுதான். மடக்கிக் கொடுத்துவிட்டார். விலையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அப்பா ரிட்டையர் ஆன வருஷத்துக் கூலியை வைத்து அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. பல மாசம் வந்தது.

அப்பா கவ்வாத்துக்காரர். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இருபது வயதில், 1972-ல், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரில் ஒருவர். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தார். எங்கள் சனம் நிறையப் பேர் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்துக்கு, இப்போது டேன்டீ என்கிறோமே அதற்கு, போனார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு தனியார் தோட்டம். கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கவ்வாத்துக் கத்தி இருந்தது.

தேயிலையை விட்டால் மரமாக வளரும். கொழுந்து பறிக்கிற உயரத்தில் அதை வைத்திருப்பது கவ்வாத்துதான். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை செடியை முழங்கால் உயரத்துக்கோ, தொடை உயரத்துக்கோ வெட்டி இறக்குவார்கள். பச்சை மேஜை மாதிரி இருந்த மலை ஒரு வாரத்தில் எலும்புக்கூடாக நிற்கும். வெட்டிய மிலாறைக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு அம்மாக்கள் லயத்துக்கு வருவார்கள், அடுப்பெரிக்க.

விரல் தடிமன் கிளையிலிருந்து மணிக்கட்டு தடிமன் கிளைவரை, ஒரே வெட்டில், சாய்வாக, பிசிறில்லாமல் விழ வேண்டும். வெட்டு கிழிந்தால், பட்டை உரிந்தால், அந்த இடத்தில் தண்ணீர் தங்கும், பூஞ்சை பிடிக்கும், கிளை மேலிருந்து கீழே காய்ந்துகொண்டே வரும். ஒரு மோசமான வெட்டின் பலன் அடுத்த கவ்வாத்துவரைக்கும் செடியில் தெரியும். அதற்காகத்தான் கத்திக்கு மூக்கு. நேர் அலகால் வீசினால் வளையும் கிளை வாயில் வழுக்கி நுனிப்பக்கம் ஓடிவிடும். முன்பக்கம் உள்நோக்கி வளைந்திருந்தால் கிளையை அது பிடித்துக்கொள்ளும். கை இழுக்க இழுக்க வெட்டு ஆழமாகப் போகும். மடக்குக் கத்தி உலகத்திலும் இந்த வடிவம் உண்டு. பருந்து அலகு என்பார்கள். தோட்டக்காரர்களும் வலை அறுக்கிற மீனவர்களும் வைத்திருப்பது. சேர்ப்பவர்களிடம் அதற்கு மவுசு கம்மி. தீட்டுவது கஷ்டம், மேஜை மேல் பார்க்க லட்சணமாக இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இது உழைப்பாளியின் கத்திக்கும் பணக்காரன் பொம்மைக்கும் நடக்கிற நல்லது கெட்டது கதையாகிவிடும். கவ்வாத்துக்காரர்களும் எங்களை மாதிரிதான். சொல்லப்போனால் எங்களைவிட மோசம். அப்பாவின் செட்டில் பன்னிரண்டு பேர். காலையில் பிரட்டு முடிந்து மலையேறுவதற்கு முன் ஒருவர் கத்தியை ஒருவர் வாங்கிப் பார்ப்பார்கள். "மூக்கு ரொம்பக் கூடிருச்சு", "கழுத்து மெலிசு", "பிடி சடைக்குது" என்று ஒரே வழக்கு. அப்பா கொண்டுவந்த கத்தியின் வளைவு இங்கே இருந்த கத்திகளைவிடக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கும். வந்த ஒரே வருஷத்தில் செட்டில் ஏழு பேர் பட்டறைக்குப் போய் அதே மாதிரி அடித்து வாங்கினார்கள். தோட்டத்தில் கொடுத்த கத்தியை விறகு வெட்டப் போட்டுவிட்டு, சொந்தக் காசில். புது வடிவம் என்றால் அவர்களுக்கும் நெஞ்சு படபடத்திருக்கிறது. ராத்திரி கத்தியைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவர்களும் உண்டு என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்களுடைய ஆசைக்குச் செடி பதில் சொன்னது. ஏழு பேரில் இரண்டு பேர் ஒரு மாசத்தில் பழைய வளைவுக்கே திரும்பிவிட்டார்களாம். அவர்கள் உயரமானவர்கள், குனிகிற கோணம் வேறு. எங்கள் மேஜையில் அப்படித் திரும்பிப்போக யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை.

எங்கள் மேஜை மேல் கிடக்கிற வடிவங்களும் யாரோ ஒருவரின் வேலையில் பிறந்தவைதான். ஆட்டுக்குளம்பு என்கிற மழுங்கிய நுனி, கப்பல் ஆடும்போது கயிறு அறுக்கிறவன் தன்னையே குத்திக்கொள்ளாமலிருக்க உதவியது. வார்ன்கிளிஃப் என்கிற வடிவத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு ஆங்கிலப் பிரபு. செய்தது ஷெஃபீல்டின் ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி. அதன் வாய் அளவுகோல் மாதிரி நேர், அதனால் கையின் அழுத்தம் நுனிவரைக்கும் குறையாமல் போகும். வயிறு உள்ள அலகில் நுனி வரும்போது வெட்டு மேலே எழும்பிவிடும். அட்டை வெட்ட, தோல் வெட்ட, மரம் செதுக்க நேர் வாய்தான் சுகம். இன்சிங்கோ இந்தக் குடும்பத்துப் பிள்ளை. இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். அட்டை வெட்டிப் பார்த்ததில்லை.

சட்டம்கூடக் கத்தியை வேலையை வைத்துத்தான் அளக்கிறது. நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதக் கணக்கில் சேர்த்துவிட்டு, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்குச் செய்தவற்றை விலக்கிவிடுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கத்திதான் ஞாபகம் வந்தது. அதன் அலகு எவ்வளவு நீளம் என்று யோசித்தேன். தெரியவில்லை. அளந்து பார்க்கவும் முடியாது. கத்தி இல்லை.

அதை விற்றவன் நான்.

2010-ல் அப்பாவுக்கு 58 முடிந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே கவ்வாத்து மெஷின் வந்துவிட்டது. பெட்ரோலில் ஓடும் வட்ட அலகு, தோளில் மாட்டிக்கொள்வது. கையால் வெட்டுவது குறைந்து குறைந்து, கடைசி வருஷங்களில் அப்பா மருந்தடிக்கப் போனார். ரிட்டையர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷத்துச் சாமான். எதை எடுப்பது, எதை விடுவது என்று அப்பாவும் அம்மாவும் தடுமாறிக்கொண்டிருக்க, நான்தான் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் பிரித்தேன். பழைய இரும்புக்காரர் வாசலில் தராசோடு நின்றார். மண்வெட்டி, முள்கொத்து, ஓட்டை அண்டா, சாக்கில் சுற்றிய கத்தி. எல்லாம் சேர்த்து ஒரே நிறுவை. எவ்வளவு கொடுத்தார் என்று ஞாபகமில்லை. அன்று மத்தியானம் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கின பிறகு சில்லறை மிச்சம் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அப்பா கேட்டார்: "அந்தச் சாக்குல ஒண்ணு இருந்துச்சே?"

"போட்டுட்டேன்ப்பா. துரு புடிச்சிருந்துச்சே."

"ம்" என்றார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கத்தி சேர்க்கிற ஆசை எனக்கு எப்போது தொற்றியது என்று கணக்குப் பார்த்தால் 2011. யாராவது மனநல மருத்துவர் இதைப் படித்தால் சிரிப்பார்.

'மூக்கு இல்லியே' என்று அப்பா சொன்னது ஒரு மாசம் என்னைத் தூங்கவிடவில்லை. அதே மாதிரி ஒன்று அடித்துக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, பட்டறை தேடிக் கோத்தகிரிப் பக்கம் போனேன். இந்த மலையில் இரும்பு என்றால் கோத்தர்கள். கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். தோடர், படுகர், குறும்பர் என்று எல்லோருக்கும் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து கொடுத்து, சாவுக்குக் கொட்டும் குழலும் வாசித்து, பதிலுக்குத் தானியமும் நெய்யும் வாங்கியவர்கள். 1930-களில் டேவிட் மேண்டல்பாம் என்கிற அமெரிக்க மானிடவியலாளர் இங்கே வந்து தங்கி அவர்களைப் பற்றி எழுதியபோதே அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டில் கத்தி அடிக்கிறவருக்கு அதைப் பிடிக்கப் போகிற கை யாருடையது என்று தெரியும். இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கொல்லர் என்று பரம்பரையாக வருவது. புது வடிவம் என்று யாரும் அறிவிக்கவில்லை. கேட்ட ஆளின் தோளுக்கும் காட்டுக்கும் ஏற்ற மாதிரி அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும்.

எனக்குக் கிடைத்த பட்டறைக்காரர் கோத்தர் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து குடியேறியவர். இன்டர்நெட்டில் தேடி எடுத்த கவ்வாத்துக் கத்திப் படங்களைப் போனில் காட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கவே இல்லை.

"யாருக்குங்க?"

"அப்பாவுக்கு."

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க. படத்துக்கா கத்தி அடிக்கிறது?"

அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்பில் நின்றார். பட்டறைத் தரையில் கரித்துண்டால் வடிவத்தை வரைந்தார். அழித்தார். மறுபடி வரைந்தார். மூன்று தடவையும் மூன்று மாதிரி வந்தது. நாற்பது வருஷம் கையில் இருந்த கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. "பிடிச்சாத்தான் தெரியும்" என்றார், வெட்கப்பட்ட மாதிரி. பட்டறைக்காரர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் துண்டு போட்டு உலையில் வைத்தார். பழுத்ததும் அடித்து ஒரு தோராயமான வளைவு கொண்டுவந்து, ஆறவிட்டு, துணி சுற்றி அப்பா கையில் கொடுத்தார். அப்பா குனிந்து காற்றில் ஒரு வெட்டு. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே வளையணும்." மறுபடி உலை. மறுபடி காற்றில் ஒரு வெட்டு. "கழுத்து நீளம்." மறுபடி உலை. இப்படி மத்தியானம்வரை. அந்த அறுபத்தாறு வயது ஆள் குனிந்து குனிந்து நிமிர்வதை நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். முதுகு கோணுகிற விதம், இடது கை இல்லாத கிளையைப் பிடிக்கிற விதம். சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்க வேண்டியது. நான் ஸ்கூலில் இருந்தேன். அல்லது கூட வந்தவர்கள் முன்னால் அப்பாவைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் தண்ணீரில் முக்கிப் பதம் வைத்து, சில்வர் ஓக் கட்டையில் பிடி போட்டு, தீட்டிக் கொடுத்தார். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"சரியா இருக்காப்பா?"

"வெட்டிப் பாக்காம எப்பிடிச் சொல்றது?"

எதை வெட்டுவது? எங்களுக்குத் தேயிலை கிடையாது. ஆயுசு முழுக்கத் தேயிலை வெட்டிய ஆளுக்குச் சொந்தமாக ஒரு செடி இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவுக்கு மேலே ஒரு படுகர் வீட்டு அண்ணனுக்கு அரை ஏக்கருக்குக் கிட்டத் தோட்டம் உண்டு. போய்க் கேட்டேன். சிரித்தார். "மெஷின் சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வருது. ஒரு வரிசை அய்யாவுக்கு விட்டு வைக்கிறேன்" என்றார்.

அப்பா அந்த வரிசையில் நாலு செடி வெட்டினார். முதல் செடியில் இரண்டு வெட்டு பிசகியது. மூன்றாவது செடியில் கை பழையபடி வந்துவிட்டது. சத்தமே வேறு. சடக் சடக் என்று இல்லை, துணி கிழிகிற மாதிரி ஒரு சின்ன ஒலி. நாலாவது முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெட்டு வாய்களைத் தொட்டுப் பார்த்தேன். சாய்வாக, ஈரமாக, வழவழவென்று. பக்கத்து வரிசையை அடுத்த வாரம் மெஷின் வெட்டிய பிறகு போய் ஒப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருந்தது. மெஷின்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா என் தோளு தப்பிச்சிருக்கும்" என்றார்.

திரும்பி இறங்கும்போது கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைத்தடியாக ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டார். பாதி வழியில் சொன்னார்: "இது அது இல்ல. ஆனா நல்ல கத்திதான்."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். எட்டு வருஷத்துப் பாக்கி. வாய் வரவில்லை. "அந்தப் பழசு எவ்வளவு நீளம்ப்பா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் நின்று, இரண்டு கையையும் விரித்து ஒரு அளவு காட்டினார். பிறகு கொஞ்சம் குறைத்தார். குறைத்த இடத்தில் சந்தேகமே இல்லாத மாதிரி கைகள் நின்றன.

புதுக் கவ்வாத்துக் கத்தி இப்போது கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அண்ணன் ஒரு சில செடிகளை விட்டுவைக்கிறார். அப்பா போவார், இரண்டோ மூன்றோ வெட்டுவார். செபென்ஸாவை அப்பாவே எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வெற்றிலைத் தட்டில் ஒரு நாள் இருந்தது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. காம்பு கிள்ள, பாக்குச் சீவ, கொய்யா நறுக்க. நேர் வாய் பாக்குச் சீவுவதற்கு நன்றாக இருக்கிறதாம். சுண்ணாம்பு பட்டுப் பட்டு டைட்டானியம் வெளுத்திருக்கிறது. அலகு முழுக்கக் கீறல்.

போன தடவை கூடியபோது டாக்டர் அதைப் பற்றி விசாரித்தார். நிலைமையைச் சொன்னேன். "அடப்பாவி, பாதி விலைக்குக்கூடப் போகாதே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார். வேறு கம்பெனி, வேறு வடிவம். முதுகு ஒரு இடத்தில் மடிந்து கோணமாக இறங்கியிருந்தது. நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை. நெஞ்சு அதே மாதிரி படபடத்தது. கையில் வாங்கி, திறந்து, விரலைக் குறுக்காக வைத்து வாயை இழுத்துப் பார்த்தேன்.

"என்ன வெட்டலாம் இத வச்சி?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சினியர்களில் ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேஜை மேல் இருந்த ஆப்பிளை என் பக்கம் தள்ளினார்.